ஆக்னஸ் அனுப்பிய கணக்கு

கேலர்ஸ் பெண்ட் காவல் நிலையத்தில் தட்டச்சு வேலைக்கு ஆக்னஸ் குபாலா வந்தபோது அவளுக்கு வயது இருபத்தாறு. அங்கே நான் சார்ஜென்ட். வாஷிங்டனிலிருந்து மாதந்தோறும் குற்றக் கணக்கு கேட்டு படிவம் வரத் தொடங்கிய காலம் அது: கொலை இத்தனை, கொள்ளை இத்தனை, திருட்டு இத்தனை. எங்களுக்கு அது வெட்டி வேலை. அவளோ ஒவ்வொரு புகாருக்கும் ஒரு அட்டை எழுதி, "சார்ஜென்ட், அந்தக் கோழித் திருட்டு என்னாச்சு? பாட்டம்ஸ் தெரு ஏழைங்கன்னா விட்டுடுவீங்களா?" என்று என்னைத் துரத்துவாள்.

"கோழிக்கெல்லாமா அட்டை?"

"களவு போனது களவு போனதுதான்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருடம் அக்டோபரில், அவள் தம்பி ஸ்டெஃபான் ரயில் பாதையோரம் செத்துக் கிடந்தான். கண்ணாடி ஆலைத் தொழிலாளி, இருபது வயது. உடலை முதலில் பார்த்தவன் நான். பின்மண்டையில் மூன்று வெட்டு. யார் செய்தது என்று தெரியவில்லை. மேயர் தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. கொலையே நடக்காத ஊர் என்று மேயர் மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தார். எங்கள் காவல் தலைவர், சீஃப் லாண்டிஸ், என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"ஓடுற ரயில்ல இருந்து விழுந்துட்டான். அப்படியே எழுதிடுப்பா."

எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

உடலைக் கழுவி உடுத்திவிட்டவள் ஆக்னஸ். வெட்டுகளை அவள் கை தொட்டிருந்தது. மாத முடிவில் படிவத்தில் கொலை என்ற இடத்தில் ஒன்று என்று அடித்து சீஃப் முன்னால் வைத்தாள்.

"தப்பா அடிச்சிருக்கியேம்மா."

"இல்ல சார். சரியாத்தான் அடிச்சிருக்கேன்."

சீஃப் அதைக் கிழித்துவிட்டு வேறொன்றைத் தானே நிரப்பினார். அன்றைக்கே அவளுக்கு வேலை போனது. நான் தலை நிமிரவில்லை.

அவள் அந்தக் கணக்கைத் தானே வாஷிங்டனுக்கு எழுதி அனுப்பினாள். ஏழு வாரம் கழித்து மரியாதையான பதில் வந்தது: காவல் தலைவர் கையெழுத்திட்டு அனுப்பும் கணக்கை மட்டுமே ஏற்க இயலும். வருட முடிவில் அச்சான அட்டவணையில், எங்கள் ஊருக்கு நேரே கொலை ஏதும் இல்லை. மேயர் மறுபடி ஜெயித்திருந்தார்.

ஆக்னஸ் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் அந்தத் தெரு வழியே போவதை விட்டேன். லாண்டிஸ் இறந்து, எனக்கும் ஓய்வு வந்த பிறகுதான் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். பதினோரு வருடம் ஓடியிருந்தது. அவள் கைகள் வெந்நீரில் வெளிறிப் போயிருந்தன. உள்ளே வரச் சொல்லவில்லை.

"அது கொலைதான், ஆக்னஸ். எனக்கு அன்னைக்கே தெரியும். இப்ப எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

"யார்கிட்ட சொல்லப் போறீங்க? அம்மாவும் போய்ச் சேர்ந்துட்டா. குடிச்சிட்டு ரயில்ல ஏறினானான்னு கேட்டுக்கிட்டே போனா. அவன் குடிச்சதே இல்ல, சார்ஜென்ட்."

கதவைப் பாதி சாத்தியவள் மறுபடி திறந்தாள்.

"நீங்க பாதையோரம் போய்ப் பார்த்தப்ப அவனுக்கு உயிர் இருந்துச்சா?"

"இல்லம்மா. உடம்பு சில்லிட்டிருந்தது."

"தனியாத்தான் போயிருக்கான்," என்று சொல்லிவிட்டு, சத்தம் எழாமல் கதவைச் சாத்தினாள்.