ஹாரன் பட்டனில் கேஸ் வைத்த அண்ணன்

இன்று பல் டாக்டர் நாற்காலியில்...

ஓரத்தில் நின்ற, வலி தெரியாமலிருக்கக் கொடுக்கும் சிரிப்பு வாயு சிலிண்டரில் 'நைட்ரஸ் ஆக்ஸைடு' என்று படித்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது!

"ஊசின்னா பயமா மேடம்?" என்றார் டாக்டர்.

"ஊசி இல்ல டாக்டர், அந்த கேஸ்! எங்க அண்ணன் அதை கார்ல மாட்டினான்!"

(அதற்குள் வாய் மரத்துவிட்டது. மிச்சக் கதை உங்களுக்கு.)

எழுபதுகளில் நாங்கள் சிட்லபாக்கத்தில் இருந்தோம். அப்பா கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, வீட்டிலும்!

அவருடைய பழைய ஃபியட்டில் விக்டர் அண்ணனும், தாம்பரத்தில் ஒர்க் ஷாப் வைத்திருந்த அவன் நண்பன் சலீமும் திருட்டுத்தனமாக ஒரு வேலை பார்த்தார்கள்.

டிக்கியில் இதே நைட்ரஸ் ஆக்ஸைடு சிலிண்டர். அங்கிருந்து இன்ஜினுக்கு ஒரு குழாய். கேஸ் உள்ளே போனால் பெட்ரோல் வெறித்தனமாக எரிந்து வண்டி பாயும்.

அதற்கு ஸ்விட்ச்? ஸ்டியரிங் நடுவில் இருந்த ஹாரன் பட்டன்! ஹாரன் ஒயரைக் கழற்றிவிட்டு அதில் இதைக் கொடுத்திருந்தார்கள். (கைக்கு வாகாக இருக்குமாம். அடப்பாவிகளா!)

சனிக்கிழமை முடிச்சூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். மறுநாள் கழற்றுவதாக இருந்தார்கள். அதற்குள் அப்பா எங்களை ஏற்றிக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பிவிட்டார்.

பின்சீட்டில் அண்ணன் முகம் வெளுத்திருந்தது.

"அப்பா ஹாரன் அடிச்சா கேஸ் இன்ஜினுக்குப் போயிடும்டி," என்று என் காதில் சொன்னான்.

"சொல்லித் தொலையேன்!"

"சொன்னா கொன்னுடுவாரு!"

வழியில் ஒரு சைக்கிள். அண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஓரம் போங்க சார், ஓரம் போங்க!" என்று கத்தினான். அடுத்து ஒரு எருமை. அதற்கும் சார்தான்!

"என்னடா ஆச்சு உனக்கு?" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குரோம்பேட்டை ரயில்வே கேட் தெரிந்தது. கேட் இறங்கிக்கொண்டிருந்தது!

இறங்கும் கேட்டைப் பார்த்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? பிரேக்கா போடுவார்கள்? கேட் கீப்பர் கொஞ்சம் நிறுத்திப் பிடிக்கட்டும் என்று ஹாரன் அடிப்பார்கள். அப்பாவும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி அடித்தார்.

சத்தம் வரவில்லை. வண்டி பாய்ந்தது!

சத்தம் வரவில்லையே என்று அப்பா இன்னும் அழுத்தினார். வண்டி இன்னும் பாய்ந்தது!

"இயேசுவே!" என்று அம்மா அலறினாள்.

அண்ணன் முன்சீட்டின் மேல் விழுந்து சாவியைத் திருப்பினான். அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி இழுத்துக்கொண்டே போய்க் கேட்டில் இடித்து நின்றது. கண்ணெதிரே ரயில் தடதடத்துப் போனது.

பானெட்டிலிருந்து புகை.

கேட் கீப்பர் ஓடிவந்தார். "இன்னா சார், ரயில் வர்றது கண்ணுக்குத் தெர்ல?"

"ஹாரன் அடிச்சேனேப்பா!"

"எங்க சார் அட்ச்ச? சவுண்டே வர்லியே!"

அப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"தெரிஞ்சும் ஏன்டா வாயைத் திறக்கல?"

"நீங்க அடிப்பீங்கன்னு பயந்துட்டேன்பா."

"ரயிலை விடவாடா என்னைப் பார்த்து பயம்?" என்று கேட்டுவிட்டு, அந்த ஸ்டியரிங்கிலேயே தலையைக் கவிழ்த்து அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் மேல் கை ஓங்கியதே இல்லை.

சரி, உண்மையைச் சொல்லுங்கள்... உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எதைப் பார்த்து அதிக பயம்? ரயிலா, நீங்களா?