கறுப்பு ஷீட் மேல காய்ஞ்ச ஸ்க்ரீன்

ஸ்க்ரீன் பிரிண்டிங்ல அடிக்கிற வேலை சுளுவு. அழிக்கிற வேலைதான் உயிர வாங்கும். இத எத்தினியோ பேருகிட்ட சொல்லிட்டேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. அடிக்கிறதத்தான் வந்து வேடிக்கை பாப்பாங்க. ரப்பர் கட்டையால ஒரு இழுப்பு இழுத்து சட்டத்தத் தூக்கினா, கீழ மஞ்சப்பை மேல பொண்ணு பேரும் மாப்பிள்ளை பேரும் பளிச்சுனு நிக்கும். "அட, இன்னா சுருக்கா வந்துடுச்சு"னு வாயப் பொளப்பாங்க. மறுநாள் அதே சட்டத்தத் தொட்டிகிட்ட குந்தி தேய்ச்சுக்கினு இருப்பேன் பாரு, அப்ப ஒரு காக்கா கூட எட்டிப் பாக்காது.

எங்க ஊரு பழவேற்காடு ஏரிக்கரையில, தோணிரேவுக்குக் கிட்ட. வூட்டுப் பக்கத்துல தகரம் போட்ட ஒரு கொட்டாய், அதான் என் ப்ரெஸ்ஸு. மரச் சட்டத்துல மெல்லிசா வலைத்துணி இழுத்துக் கட்டியிருக்கும். அதுக்குப் பேருதான் ஸ்க்ரீன். அது மேல எமல்ஷன் பூசி, படத்த வச்சு வெயில்ல காட்டினா, படம் இல்லாத எடமெல்லாம் இறுகிடும். படம் இருக்கிற எடம் தண்ணியில கரைஞ்சு தொறந்துக்கும். அந்தத் தொறப்பு வழியாத்தான் மை எறங்கும். வேலை முடிஞ்சா இறுகினத அழிக்கணும். அழிச்சாத்தான் அடுத்த ஆர்டருக்குத் துணி ஆவும். எங்கிட்ட சின்ன சட்டம் நாலஞ்சு, பெரிய சட்டம் ஒண்ணே ஒண்ணு. கல்யாணம், காதுகுத்து, கபடி டீம் பனியன், சாவு போஸ்டர், பெருசா எது வந்தாலும் அது வழியாத்தான் வரணும்.

அதுலயும் ஊர்ல ஒரு வம்பு. கல்யாணப் பை அடிக்க வர்றவங்க, "சாவு போஸ்டர் அடிச்சதுல எங்களது அடிச்சுடாதம்மா"னு சொல்லிட்டுத்தான் முன்பணமே நீட்டுவாங்க. எனக்கு அப்படியே பத்திக்கினு வரும். "அழிச்சிட்டா அது வெறும் துணி. துணிக்கு இன்னா தெரியும், யாரு செத்தாங்க, யாரு தாலி கட்டினாங்கனு?" மூஞ்சிக்கு நேராவே கேட்டுடுவேன். அப்பல்லாம் அதத்தான் நம்பிக்கினு இருந்தேன்.

என் வூட்டுக்காரர் ஏரியில தொழில் பண்றவரு. அவரும் அவரோட கூட்டாளியும் மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே ஒரே படகுல ஏறினவங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வச்சிருந்தாங்க. கூட்டாளி பொண்டாட்டிய இவரு தங்கச்சினு கூப்புடுவாரு. எங்களுக்கும் அதே பேரா நின்னுடுச்சு. அவ என்னை அண்ணினு கூப்புடுவா.

போன வருஷம் மழை சமயத்துல முகத்துவாரத்துகிட்ட படகு கவுந்துடுச்சு. போனது ரெண்டு பேரு, திரும்பி வந்தது என் வூட்டுக்காரர் மட்டுந்தான். கூட்டாளி மறுநாள் கரை ஒதுங்கினாரு.

இவரு ஊர்ல கேட்டவங்களுக்கும் சொல்லல, எங்கிட்டயும் சொல்லல. போலீஸ்காரர் கேட்டதுக்கு, "கவுந்துடுச்சு சார்"னு சொன்னாரு, அவ்ளோதான். அப்புறம் ஏரிப் பக்கமே திரும்பல. அவரு பாட்டுக்கு ஒரு மூலையில குந்திக்குவாரு. தட்ட முன்னாடி வச்சா துன்னுவாரு, வைக்கலைனா கேக்க மாட்டாரு. பசிக்குதுனு கூட வாயத் தொறந்து சொல்லல. ஒரு வாட்டி வேணும்னே வைக்காம இருந்து பாத்தேன். பொழுது சாய்ற வரைக்கும் கம்முனே இருந்தாரு. நான்தான் அழுதுக்கினே சோறு போட்டேன்.

மனுசன் வாயத் தொறக்கலைனா ஊரு வாயத் தொறக்குமே! "தன் உயிர் பெருசுனு இவன் மட்டும் நீந்தி வந்துட்டான்"னு மீன் ஏலம் போடுற எடத்துல பேசிக்கினாங்களாம். என் காது படவே ஒருத்தி சொன்னா. அவளுக்கு நான் குடுத்த பதில இங்க எழுத முடியாது.

தங்கச்சி மட்டும் அப்படி ஒரு வார்த்த பேசல. அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கடைசி நேரத்துல இன்னா நடந்துச்சு, புருசன் எதாச்சும் சொன்னாரா, அத அண்ணன் வாயால கேக்கணும். கருமாதி முடிஞ்சு வெளிய வர ஆரம்பிச்சதுல இருந்து எங்க வூட்டுக்கு வந்துக்கினே இருந்தா. "அண்ணன் எதனா சொல்லிச்சா அண்ணி?" இவரு அவ குரலக் கேட்டதும் பின்பக்கமா எழுந்து போயிடுவாரு. "இன்னும் இல்லம்மா"னு அவ மூஞ்சியப் பாத்து சொல்லி சொல்லி எனக்கு நாக்கு செத்துப் போச்சு. அவ வூட்டுப் படிய இவரு மிதிக்கவே இல்ல. கருமாதிக்குக் கூட தெரு முனையில நின்னுட்டுத் திரும்பிட்டாரு.

கருமாதி போஸ்டர் நான்தான் அடிச்சேன். இப்பல்லாம் பொன்னேரிக்குப் போயி ஃப்ளெக்ஸ் போட்டுக்கிறாங்க. தங்கச்சி தான், "அண்ணி, உன் கையாலயே அடிச்சுடு"னு சொல்லிட்டா. போன்ல ஒரு போட்டோ குடுத்தா. கூட்டாளியும் என் வூட்டுக்காரரும் படகுகிட்ட சிரிச்சுக்கினு நிக்கிற போட்டோ. அவரு மட்டும் தனியா இருக்கிற படம் வேற இல்ல. பஜார்ல கம்ப்யூட்டர் வச்சிருக்கிற பையன்கிட்ட குடுத்து என் வூட்டுக்காரர வெட்டி எடுத்துட்டு கூட்டாளிய மட்டும் போடச் சொன்னேன். புள்ளி புள்ளியா ஃபிலிம் போட்டுக் குடுத்தான். மேல முகம், தோள்ல துண்டு. கீழ பேரு, தோற்றம், மறைவு, கருமாதி நடக்கிற எடம்.

படம் போட்ட ஸ்க்ரீன வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா ஆளு தெரியாது. முடி வெள்ளையாவும் முகம் கறுப்பாவும் பேய் மாதிரி இருக்கும். கறுப்பா ஒண்ணு மேல வச்சாத்தான் ஆளு ஆளாத் தெரிவாங்க. அதுக்குனே இறால் குட்டையில விரிக்கிற கறுப்பு ஷீட் ஒரு துண்டு வச்சிருக்கேன். போஸ்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி அது மேல வச்சுப் பாத்தேன். கூட்டாளி அப்படியே சிரிச்சாரு. என் பின்னாடி வந்து நின்ன வூட்டுக்காரர், ஒரு பார்வை பாத்துட்டு வெளிய போயிட்டாரு.

அதுக்கு அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு, யாரும் கேக்காமலே அவரு தண்ணி தூக்க ஆரம்பிச்சாரு. எங்க போர் தண்ணி உப்பு. அதுல ஸ்க்ரீன் கழுவினா உப்பு பூத்து, அடுத்த வாட்டி பூசுற எமல்ஷன்ல பொடிப் பொடியா ஓட்டை வுழும். தெருக் குழாய்ல நல்ல தண்ணி புடிச்சுத்தான் கடைசியா அலசணும். ஆம்பள குடம் தூக்கறானேனு கிண்டல் பண்ணாங்க. இவரு கண்டுக்கல. தண்ணி தூக்கினவரு அப்படியே தொட்டிகிட்டயும் குந்திட்டாரு. நானும் வேலையச் சொல்லிக் குடுத்தேன். எமல்ஷன அழிக்கிற பவுடரத் தண்ணியில கலக்கித் தடவு, கொஞ்சம் ஊறட்டும், ஈரம் காயறதுக்குள்ள தேய்ச்சுக் கழுவிடு. "காய வுட்டுடாதயா. பவுடர் அதுமேல காய்ஞ்சுதுனா அப்புறம் பிரம்மாவே வந்தாலும் அழிக்க முடியாது. துணியக் கிழிச்சுப் போட வேண்டிதுதான்." தலைய ஆட்டினாரு. சின்ன சட்டம் எல்லாத்தயும் சோக்கா கழுவிக் குடுத்தாரு. என்னை விட சுத்தமா. அப்பாடா, மனுசனுக்கு ஒரு வேலையாச்சும் புடிச்சுதேனு எனக்கு உள்ளுக்குள்ள அவ்ளோ சந்தோசம்.

போஸ்டருக்கு அப்புறம் பெரிய ஆர்டர் எதுவும் வராததால, அந்தப் பெரிய சட்டம் மட்டும் அழிக்காமலே சாத்தி வச்சிருந்துச்சு. திருப்பாலைவனத்துல இருந்து ஒரு கல்யாணப் பை ஆர்டர் வந்தப்பத்தான் அது வேண்டியதாப் போச்சு. "இன்னிக்கு அத அழிச்சு வையா"னு சொல்லிட்டு நான் மை வாங்க பஜாருக்குப் போனேன்.

திரும்பி வந்து பாக்குறேன், உச்சி வெயில்ல முத்தத்துல கறுப்பு ஷீட் விரிச்சு, அது மேல ஸ்க்ரீன் கெடக்குது. தொட்டேன். மொறமொறனு காய்ஞ்சிருக்கு. கீழ் பாதி சுத்தமா அழிஞ்சிருக்கு, ஒரு எழுத்து இல்ல. மேல் பாதியில பவுடர் வெள்ளையாப் படிஞ்சு, முகம் அப்படியே கல்லாட்டம் நிக்குது.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "யோவ், இன்னாயா பண்ணி வச்சிருக்க? படிச்சுப் படிச்சு சொன்னனே! பாதி வேலை பண்ணிட்டு யாரு உன்னை வெயில்ல போடச் சொன்னது?" நான் போட்ட சத்தத்துல பக்கத்து வூட்டு ஆளுங்க வந்துட்டாங்க. பாத்துட்டு சிரிக்கிறாங்க. "நனைஞ்சா காய வைக்கணும்னுதான் அவனுக்குத் தெரியும். வலைனு நெனச்சிட்டான்மா!" எனக்கும் அதுதான் தோணுச்சு. பொறந்ததுல இருந்து வலைய அலசி உதறிக் காயப் போட்ட கை, இதையும் பழக்க தோசத்துல போட்டுடுச்சுனு நெனச்சேன். இவரு சிரிக்கிறவங்கள சிரிக்க வுட்டுட்டு, குடத்த எடுத்துக்கினு குழாய்க்குப் போயிட்டாரு.

புதுசா பவுடர் கரைச்சுப் போட்டேன், பிரஷ்ஷு தேய தேய்ச்சேன், தின்னர் கூட ஊத்திப் பாத்தேன். ம்ஹூம், அசைய மாட்டேங்குது. பேஜார் புடிச்ச வேலைனு திரும்ப அந்த ஷீட் மேலயே போட்டுட்டுக் குந்தினேன்.

அந்த நேரம் பாத்து தங்கச்சி வந்தா. அவ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நானே கொட்டிட்டேன். "பாரும்மா, உங்க அண்ணன் பண்ண வேலைய! வலை மாதிரி காயப் போட்டு வச்சிருக்காரு. கல்யாணக்காரனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" சொன்னப்புறந்தான் ஒறைச்சுது, அதுல இருக்கிறது அவ புருசன் மூஞ்சினு. நாக்கக் கடிச்சுக்கினேன்.

அவ என் பேச்சக் காதுலயே வாங்கல. ஷீட்டுகிட்ட குந்தினா. குனிஞ்சு பாத்துக்கினே இருந்தா. "அண்ணி, இது யாரு கை?"னு கேட்டா.

"எந்தக் கை?"

துண்டு போட்ட தோளுக்கு மேல வெரல வச்சுக் காட்டினா. நாலு வெரலு. கம்ப்யூட்டர் பையன் பக்கத்து ஆள வெட்டி எடுத்தான், அந்த ஆளு கூட்டாளி தோள் மேல போட்டிருந்த கையோட நுனிய எடுக்காம வுட்டுட்டான். போஸ்டர்ல அது துண்டோட மடிப்பு மாதிரி இருந்ததால யாரும் கவனிக்கல, அடிச்ச நானே கவனிக்கல. இப்ப கறுப்பு ஷீட் மேல பளிச்சுனு தெரியுது. சுட்டு வெரலு மத்ததவிடக் கட்டையா, நுனி இல்லாம இருக்குது. என் வூட்டுக்காரரோட வெரல் நுனி இஞ்சின்ல மாட்டிப் போனது. அப்ப ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனது கூட்டாளிதான். அந்தக் கைய எனக்குத் தெரியாதா, அவளுக்குத் தெரியாதா?

எழுத்து மட்டும் அழிஞ்சிருக்கு. தோற்றம், மறைவு, கருமாதி எல்லாம் போயிடுச்சு. அழிச்சது தோளுக்குக் கீழயே நின்னுடுச்சு. வலைய எங்க வேணா காயப் போடலாம், மண்ணு மேல போடலாம், வேலி மேல போடலாம். கறுப்பு ஷீட்ட தேடி எடுத்து விரிச்சு, ஆளு தெரியற மாதிரி எதுக்குப் போடணும்? அய்யோ, இது புரியாம தெருவே கேக்கக் கத்திட்டேனே!

இவரு குடத்தோட வாசல்ல நிக்கிறாரு. தங்கச்சியப் பாத்தா எழுந்து போறவரு, இன்னிக்குப் போவல. குடத்த எறக்கி வச்சாரு.

"காய்ஞ்சா போவாதுனு இவ சொன்னா. தெரிஞ்சுதாம்மா போட்டேன்"னாரு. "எழுத்தெல்லாம் கழுவிட்டேன். தோளுகிட்ட வந்தப்ப என் கையப் பாத்தேன். கழுவ முடியல."

தங்கச்சி நிமிந்து பாத்தா.

"கவுந்த படகு மேல ஒரு கை, அவன் தோள்ல ஒரு கை. அவனுக்கு நெத்தியில அடி. 'பொண்டாட்டி தனியா இருப்பா, நீயாச்சும் போடா'னு சொன்னான். 'யார் பொண்டாட்டிடா'னு கேட்டேன். 'ரெண்டு பேரும்தான்'னு சிரிச்சான். நான் வுடலம்மா. அலை மேல அலையா வந்துச்சு. அப்புறம் பாத்தா என் கையில துண்டுதான் இருந்துச்சு. நானா வுடல. சத்தியமா நானா வுடல."

சொல்லிட்டு மண்ணுல குந்திட்டாரு. இத்தினி மாசத்துல அன்னிக்குத்தான் அவரு அழுது பாத்தேன். தங்கச்சி எழுந்து வந்து அந்த வெரல் நுனி போன கையப் புடிச்சுக்கினா. "தெரியும் அண்ணா. நீ வுட மாட்டேனு எனக்குத் தெரியும். அவரு சிரிச்சாரா? அத சொல்லு. நெசமாவே சிரிச்சாரா?"

"சிரிச்சான்மா."

"போதும்"னா. அவளும் அழுதா. நானும் அழுதேன், இதுல இன்னா வெக்கம்.

போறப்ப, "அண்ணி, இந்த சட்டத்த நான் எடுத்துக்கட்டா?"னு கேட்டா. அது கனம், ஒருத்தியால தூக்க முடியாது. இவரு எழுந்து முகத்தத் தொடைச்சுக்கினு, சட்டத்தத் தோள்ல சாய்ச்சு, அவ பின்னாடி நடந்தாரு. தெரு முனையில நின்னு திரும்புவாரோனு பாத்துக்கினே இருந்தேன். திரும்பல. அவ வூட்டுப் படி ஏறி உள்ள போனாரு.

கல்யாணக்காரங்களுக்கு போன் போட்டு, புது சட்டம் கட்ட ரெண்டு நாள் தவணை கேட்டேன். அந்த அம்மா, "சாவு போஸ்டர் அடிச்சதுல அடிக்க மாட்டியேம்மா?"னு வழக்கம் போல கேட்டாங்க. "இல்லம்மா. அத அவங்க வூட்டுக்கே குடுத்துட்டேன்"னு மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் வெறுங்கையோட வந்தாரு. காலக் கழுவினாரு. அடுப்பங்கரை வாசல்ல வந்து நின்னு, "பசிக்குது, சோறு போடு"னாரு.