மறைத்து வைத்த பி.காம்

இந்த நாட்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் அலுவலகம் கடைவரிசையில் இருக்கிறது. டெக்சஸில் நாங்கள் குடியிருக்கும் ஊரில் அதற்கு ஒரு பக்கம் டோனட் கடை, மறுபக்கம் நகத்துக்குச் சாயம் பூசும் கடை. நடுவே சீருடை போட்ட சார்ஜென்ட் ஒருவர் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, துணிக்கடைக்காரர் மாதிரி சிரிக்கிறார். நம் ஊரில் ஆள் எடுப்பு என்றால் மைதானம் கொள்ளாத கூட்டம் ஓடும். இங்கே பட்டாளம் ஆளைத் தேடி வருகிறது. வீட்டுக்கே வருகிறது, கையில் தண்ணீர் பாட்டிலும் இலவச பனியனுமாக. சும்மா கொடுக்கிறவரைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும்.

அது பரம்பரையாக வந்த வியாதி. நான் சூரியநெல்லியில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். என் கொள்ளுத் தாத்தாவைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலைக்கு ஏற்றிவந்த கங்காணியும் சிரித்த முகத்தோடு வீடு தேடித்தான் வந்தாராம். ஒரு மழைக்காலம் வேலை செய்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றாராம். தலைமுறைகள் போய்விட்டன, இன்னும் யாரும் திரும்பவில்லை. நான் நர்ஸிங் படித்து இன்னும் தூரமாக வந்து விழுந்தேன். என் கணவர் ஸ்டீபனும் அதே தோட்டத்துக்காரர். இங்கே சரக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றி அலுத்துப்போனவர், கிரீன் கார்டு கைக்கு வந்ததும் பட்டாளத்தில் சேருகிறேன் என்றார். நிலையான சம்பளம், குடும்பத்துக்கு வைத்தியம், சீக்கிரம் குடியுரிமை என்று அடுக்கினார். அடுக்கிய வார்த்தைகள் அவருடையவை அல்ல, அந்தச் சார்ஜென்டுடையவை என்று எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை சார்ஜென்ட் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து மடிக்கணினியில் விவரம் பதிந்துகொண்டிருந்தார். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, ஸ்கூல் மட்டும்தான் என்றார் ஸ்டீபன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். மலையிலேயே இருந்த கல்லூரியில் மூன்று வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் பி.காம் வாங்கியவர் இப்படிச் சொல்கிறார். சார்ஜென்ட் போனபிறகு கேட்டேன்.

"ஏங்க, பி.காம் எங்க போச்சு?"

"சும்மா இரு ஜெசி. டிகிரி இருக்குன்னு தெரிஞ்சா எடுக்க மாட்டான்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இதைப் படிக்கிற நீங்கள் எங்கள் தோட்டத்துக்காரராக இருந்தால் உங்களுக்கும் படும். என் மாமியார் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் லயத்து வீடு தங்கும் என்ற நிலை. ஸ்டீபன் போய் நின்றார். தோட்டத்தில் ஆள் சேர்க்கும் பீல்டு ஆபீசர் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். பத்தாம் கிளாஸ் என்றார் ஸ்டீபன். படித்தவன் கொழுந்து மூட்டை தூக்க மாட்டான், சங்கம்தான் சேர்ப்பான் என்பது அந்த ஆபீசரின் எண்ணம். சர்க்கார் ஆபீசில் பியூன் வேலைக்குப் போகலாம் என்றால் அங்கேயும் டிகிரிக்காரன் வரக்கூடாது என்று விதி. அதனால் சர்டிபிக்கேட் தகரப் பெட்டியின் அடியில், மாமியாரின் கல்யாணச் சேலைக்குக் கீழே கிடந்தது. ஸ்டீபன் என்னோடு விமானம் ஏறியபோது அந்த வேலை தம்பி அந்தோணி பேருக்கு மாறியது. அவனும் டிகிரிக்காரன்தான். அவனும் பத்தாம் கிளாஸ் என்றுதான் சொல்லியிருக்கிறான். மாமியார் இருக்கும் வீடு அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கிறது.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் லிண்டா என்று ஒரு உதவியாளர். அவர் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். பேச்சுவாக்கில் அவர்தான் சொன்னார்: கல்லூரியில் ஓரளவு படித்திருந்தாலே சேரும்போது ஒரு படி மேலே வைப்பார்களாம், கூடப் படித்திருந்தால் இரண்டு படி, முழுப் பட்டம் இருந்தால் இன்னும் ஒரு படி. எந்தப் படியில் சேர்கிறோமோ அந்தப் படிக்கான சம்பளம் முதல் நாளிலிருந்தே. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அது எழுதப்பட்டிருக்க வேண்டும், பிறகு போய்க் கேட்டால் இழுத்தடிப்பார்கள் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தச் சிரிப்புக்காரர் இதை ஏன் சொல்லவில்லை? ஆளைக் கீழ்ப்படியில் பிடித்துப் போட்டால் அவருக்கு ஏதோ லாபம் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் ஸ்டீபனை இழுத்துக்கொண்டு டோனட் கடை வாசலில் காரை நிறுத்தினேன். படிப்புக்குப் படி உண்டு என்பதை ஏன் மறைத்தீர்கள் என்று சார்ஜென்டிடம் நேராகவே கேட்டேன். சார்ஜென்ட் விழித்தார். "மேம், நான் கேட்டேன். அவர்தான் கல்லூரி இல்லை என்றார்." ஸ்டீபன் படித்தவர் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. சிரிப்பு போய்விட்டது. மடிக்கணினியை மெதுவாக மூடிவிட்டு ஸ்டீபனைப் பார்த்தார். வேறு எதையெல்லாம் சொல்லாமல் விட்டீர்கள் என்று கேட்டார். இத்தனை நாள் நான் அவரைப் பார்த்த பார்வையை இப்போது அவர் எங்கள் மேல் வைத்திருந்தார்.

எங்கள் ஊரில் படித்தவனுக்கு வேலை கிடைக்காது, அதனால் மறைத்தேன் என்றார் ஸ்டீபன். சார்ஜென்ட் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்: படித்தவர்களை உங்கள் அரசாங்கம் பிடித்து உள்ளே போடுகிறதா? இல்லை இல்லை, தேயிலைத் தோட்டம், டீ, டீ என்று நான் குறுக்கே புகுந்தேன். அவர் டீ வேண்டாம் என்று மரியாதையாகத் தலையாட்டினார். வாங்காத பட்டத்தை வாங்கியதாகச் சொல்லி வந்து நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாராம். வாங்கிய பட்டத்தை இல்லை என்று சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறாராம். அதனால் அவர் சந்தேகம் இரட்டிப்பானது. பட்டமே போலியோ என்று நினைத்தார். மேலதிகாரியிடம் சொல்லியாக வேண்டும், அதுவரை எதுவும் நகராது என்றார். படி போனால் போகிறது, வேலையே போய்விடும்போல் இருந்தது.

பட்டத்தை எடைபோட்டுச் சொல்ல இங்கே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக அவர்களுக்கு வரவேண்டும். அதற்கு அந்தோணிதான் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அலைய வேண்டும். போன் செய்தோம். மாமியார் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"தோட்டத்து ஆபீஸ்ல ஆருக்காவது தெரிஞ்சா? அண்ணன் டிகிரின்னா தம்பியத் தோண்ட மாட்டாங்களா? ஜோலியும் போயிரும், வீடும் போயிரும். அங்க நீங்க ஒரு படி ஏற, இங்க நாங்க நடுத்தெருவுல நிக்கவா?"

எனக்கு மாமியார் மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கடைசியில் அந்தோணி உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு, விடியும் முன் முதல் பஸ்ஸில் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு போனான். களவுக்குப் போகிறவன் மாதிரி போய் அண்ணனுக்காக எழுதிக் கொடுத்து வந்தான்.

பல வாரம் கழித்து முடிவு வந்தது. பட்டம் உண்மை. ஆனால் நம் ஊரின் மூன்று வருஷப் படிப்பு இவர்கள் கணக்கில் முழுப் பட்டம் ஆகாதாம். அதனால் உச்சப் படி இல்லை, அதற்கு ஒன்று கீழே. பழி வாங்கிவிட்டார் என்று நான் சார்ஜென்டைச் சந்தேகப்பட்டேன். லிண்டாவிடம் விசாரித்தேன், வேறு இரண்டு பேரிடமும் விசாரித்தேன். விதியே அதுதான் என்றார்கள். அப்படியானால் ஆபீசராகவாவது ஆகலாமா என்றேன். அதற்கு முதலில் குடியுரிமை வேண்டுமாம். மேலதிகாரி ஸ்டீபனை நேரில் கூப்பிட்டு, ஏன் மறைத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். புரிந்ததா இல்லையா தெரியாது, கடைசியில் சரி என்றார். ஒப்பந்தத்தில் படி எழுதியிருக்கிறதா என்று நான் கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகுதான் ஸ்டீபன் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சி முடிந்து அவர் சீருடையில் நிற்கும் படம் வந்தது. நெஞ்சில் கூரை மாதிரி ஒரு கோடு, அதன் கீழே ஒரு வளைவு. புதிதாகச் சேர்ந்த பலருக்கு அது இல்லை. பி.காமுக்கு ஆயுளில் முதல்முறையாகக் கிடைத்த மரியாதை அது. பார்த்து நான் அழுதேன். மாமியாரைப் போனில் கூப்பிட்டு, நெஞ்சில் கோடு வைத்த படத்தை அனுப்பப் போகிறேன் என்று சொன்னேன்.

"அந்தக் கோடு என்னது?"

"படிச்சதுக்குக் குடுத்தது அத்தை."

மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பீல்டு ஆபீசரோட மச்சினன் மிலிட்டரில இருந்தவன். நம்ம ஊட்டுக்கு வந்து போறவன். கோட்டப் பாத்தான்னா படிப்பக் கண்டுபிடிச்சிருவான். அத வெட்டிட்டு அனுப்பு தாயி. இங்க அவன் பத்தாங்கிளாஸ்தான்."

அமெரிக்கக் கோடு அந்த மச்சினனுக்குப் புரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். புரியாது என்று எப்படிச் சொல்வது? அவரும் எங்களைப் போலப் படிப்பை மறைத்துச் சேர்ந்த, விவரம் தெரிந்தவராக இருந்தால்?

படத்தை வெட்டி அனுப்பினேன். மாமியார் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறார். முழுப் படம் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. சூரியநெல்லி வீட்டுச் சுவரில் என் கணவர் கழுத்துவரைதான் இருக்கிறார்.