ஏணை வேகத்தில் ஒரு கலியாணப் பாட்டு

புல்லாங்குழல் வாசிப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. இரண்டு கையும் வாயும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும். தேங்காய் துருவித் தரச் சொன்னால் கை இல்லை. ஏன் துருவவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல வாய் இல்லை. இந்த வசதிக்காகத்தான் நான் குழலைத் தேர்ந்தெடுத்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லித் திரிகிறாள். நான் மறுப்பதில்லை. கால் இரண்டும் சும்மா இருப்பதை அவள் கண்டுபிடிப்பாள் என்பதை மட்டும் நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

அப்போது நாங்கள் படுவான்கரையில் இருந்தோம். வாவிக்கு மேற்கே கிடக்கும் ஊர்களுக்கெல்லாம் அந்தப் பெயர்தான். சண்டை தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்துக் கரண்ட் கம்பிகள் நின்ற நாட்களை விட விழுந்து கிடந்த நாட்கள் அதிகம். வாவியைத் தாண்டி வரக்கூடாது என்று ஆமி தடுத்த சாமான்களில் பற்றறியும் ஒன்று. படம், பாட்டு எல்லாம் அக்கரையோடு நின்றுவிட்டன. நான் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுப்பவன். தராசுக்கு முன்னால் நிற்கும்போதே என் விரல்கள் அகப்பைக் காம்பில் சுரம் தேடிக்கொண்டிருக்கும்.

"தம்பி, நீங்க தலையாட்டி முடியக்குள்ள எங்கட பருப்புல பாதி கீழ போயிற்று" என்று ஒரு அம்மா வரிசையில் நின்று சொல்வார். குனிந்து பொறுக்கிக் கொடுப்பேன். பொறுக்கும்போதும் தாளம் தப்பாது.

ஒரு நாள் தேற்றாத்தீவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அங்கே, வாவிக்குக் கிழக்கே, என் மனைவியின் அண்ணன் இருந்தார். தையற்காரர். பகலில் காற்சட்டை தைப்பார், மிச்ச நேரத்தில் ஆர்மோனியம் வாசிப்பார். ஐந்து பேர் கொண்ட ஒரு இசைக்குழுவுக்குத் தலைவர். பொட்டலத்துக்குள் ஒரு கசட்டும் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தன. குழல் வாசித்தவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டானாம். மூன்று கிழமையில் அவர்களுடைய சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணமாம். 'மச்சான், அஞ்சு பாட்டு. முதற்பாட்டுத் தொடங்குறதே குழலாலதான். நீ தனியத் தொடங்கணும். நல்லா வாசிச்சா இனி எங்கட குழுவுல நீதான்' என்று எழுதியிருந்தார்.

நான் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மனைவி ஒரு தரம் வாசித்தாள்.

"இஞ்சாருங்க, நான் ஒண்டு சொல்லுறன் கேளுங்க. அந்தக் கலியாணத்துக்கு என்ட சொந்தக்காரர் முழுப்பேரும் வருவாங்க. மா நிறுக்கிறவனுக்குப் போய் வாக்கப்பட்டாளே எண்டு சொன்னவங்களும் வருவாங்க. அவங்களுக்கெல்லாம் நான் உங்களைப் பெரிய வித்துவான் எண்டு சொல்லி வச்சிருக்கன். நல்லா வாசிச்சீங்களோ, குழுவோட போங்க, நான் தடுக்கமாட்டன். வாசிக்காட்டி அண்டைக்கே குழல அடுப்படியில வச்சிரணும். மறுகா அதைப் பத்திக் கதையே இல்ல."

அடுப்படி என்று அவள் சொன்னது பேச்சுக்கு அல்ல என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒத்திகைக்கு அக்கரைக்குப் போக வழியில்லை. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு அந்தக் கிழமைதான் நிறுத்தப்பட்டது. கசட்டை வைத்துத்தான் பழக வேண்டும். கசட் போடப் பற்றறி வேண்டும். பற்றறி இல்லாத ஊரில் சைக்கிள் டைனமோதான் பற்றறி. பின்சில்லு நிலத்தில் படாமல் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் கெஞ்சி ஒரு சின்னச் சாமானையும் நடுவில் பொருத்தி ரேப் றெக்கோடரில் கொடுத்தேன். ஏறி மிதித்தால் பாட்டு வரும். மிதிக்கிறது கால். கையும் வாயும் குழலுக்கு. நானே கரண்ட், நானே மாணவன். உலகத்தில் இப்படி ஒரு சங்கீதக் கல்லூரி இல்லை என்று எனக்கே என்னில் மரியாதை வந்தது.

அந்த மரியாதை பத்து நிமிடம் இருந்தது.

மனைவி எங்கள் ஐந்து மாத மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மகள் ஆட்டினால்தான் உறங்குவாள். ஆட்டுவதை நிறுத்தினால் ஊர் உறங்காது. மனைவி கூரையைத் தாங்கும் வளையைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். பழைய சேலையை எடுத்து வளையில் ஏணை கட்டினாள். பிள்ளையை அதில் கிடத்தினாள். ஏணையில் ஒரு கயிற்றை முடிந்து, மறுமுனையை என் வலது காலில் முடிந்தாள்.

"என்ன புள்ள இது?"

"கால் சும்மாதானே சுத்துது" என்றாள். சொல்லிவிட்டு முருங்கைக்காய் வெட்டப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாளம் போட்டது மகள்தான். கொஞ்சம் விரைவாக மிதித்தால் ஏணை துள்ளும், அவள் வீரிடுவாள். நிறுத்தினாலும் வீரிடுவாள். நடுவில் ஒரு வேகம் இருந்தது. சாய்ந்து சாய்ந்து, வாவியில் வள்ளம் போவது மாதிரி. அந்த வேகத்தில் மிதித்தால் அவள் உறங்குவாள். அந்த வேகத்தில் மிதித்தால் கசட்டும் உறங்கும். பாடகர் எருமைத் தயிரை ஒரு முட்டி நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பாடுவது போலிருக்கும். புதுப் படத்துப் பாட்டு, நான் முன்பின் கேட்டதில்லை. 'எவ்வளவு உருக்கமான பாட்டு! கலியாண வீட்டில் பெண்ணைப் பிரிகிற தகப்பனுக்காகத் தெரிந்தெடுத்திருக்கிறார்' என்று மச்சானின் ரசனையை மெச்சினேன்.

ஒரு சிக்கல் இருந்தது. என் குழல் கசட்டோடு சேரவில்லை. குழலின் சுருதி மேலே நிற்க, பாட்டு கீழே நின்றது. இரண்டில் ஒன்று பிழை. திருவிழாக் கடையில் வாங்கிய குழல் பிழையாக இருக்கலாம், ஃபேக்டரியில் செய்த கசட் எப்படிப் பிழையாகும்? இதுதான் என் புத்தி. மூங்கில் வெட்டி, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டு, இன்னும் நீளமாகக் குழல் செய்தேன். மூன்று குழல் வெடித்தன. நாலாவது கசட்டோடு அச்சாகச் சேர்ந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பழைய குழலை மனைவி அடுப்பு ஊத எடுத்துக்கொண்டாள். ஆறு ஓட்டையையும் விரலால் பொத்திக்கொண்டு ஊதுவாள். நெருப்பும் பிடிக்கும், அடிச் சுரமும் சுத்தமாக வரும். அவளுக்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஷெல் விழுகிற நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்குவோம். சைக்கிள் அதற்குள் வராது. குழலை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போய் மெதுவாக ஊதுவேன். "வெளிய ஷெல்லு, உள்ளுக்க நீங்க. மனிசர் எங்கதான் போறது?" என்பாள் மனைவி. ஆனால் மகள் உறங்கிவிடுவாள். மனைவி அதைக் கண்டும் காணாத மாதிரி இருப்பாள்.

கலியாணத்துக்கு முதல்நாள்தான் பாதை திறந்தது; கலியாணத்தன்று காலையில் கடந்தோம். அக்கரைச் சென்றியில் காவல் நின்ற ஒரு ஆமிக்காரன் என் குழலை வாங்கி, கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தான்.

"மொகத மேக்க?" என்று சிங்களத்தில் கேட்டான்.

இது என்ன என்று கேட்டால் ஊதிக் காட்டுவதைத் தவிர வேறு என்ன செய்வது? முதற்பாட்டின் தொடக்கத்தை ஊதினேன். பக்கத்தில் நின்றவன் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டான். போ போ என்று கையைக் காட்டினான். அந்தக் கொட்டாவியிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஆறு மணிக்கு ஊரடங்கு. ஆகவே தாலி, சாப்பாடு, பாட்டு எல்லாம் பகலிலேயே முடிய வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலுக்குள் மச்சான் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், பாடமா?"

"தலைகீழாப் பாடம்."

"அப்ப ஒத்திகை என்னத்துக்கு? ஏறு."

மாமரத்தடியில் பலகை அடித்துப் பாய் விரித்திருந்தார்கள். நான் சம்மணம் கட்டி அமர்ந்தேன். பாட்டுக்காரர் வாவியில் இறால் பிடிக்கிறவர். பெரிய குரல். ஆனால் உச்சிக்குப் போனால் குரல் உடையும். அது எப்போது உடையும் என்று பார்ப்பதற்காகவே சனம் காத்திருக்கும் என்று மச்சான் முன்பே சொல்லியிருந்தார். முன்வரிசையில் மனைவி, மடியில் மகள், சுற்றிவர அவளுடைய சொந்தம் அத்தனையும். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன்.

இரண்டு வரி போயிருக்காது. என் முதுகில் ஒரு இடி.

"மச்சான், இது கலியாண வீடு!"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன்டா பொணத்துக்கு முன்னால ஊதுற மாதிரி ஊதுறா? ஓட்டு!"

அவர் ஆர்மோனியத்தை அமுக்கினார், தபேலாக்காரன் விட்டான் ஓட்டம். அப்போதுதான் அந்தப் பாட்டின் உண்மையான வேகத்தை என் வாழ்நாளில் முதல் தரம் கேட்டேன். பொடியன்கள் துள்ளி ஆடுகிற பாட்டு! சுருதியும் எங்கோ மேலே நின்றது. கசட் மெதுவாகச் சுற்றினால் வேகத்தோடு சுருதியும் இறங்கும் என்பது அதுவரை என் புத்திக்கு எட்டவில்லை. மூன்று கிழமையும் நான் படித்தது பாட்டை அல்ல, என் மகளின் நித்திரையை. விரலை விரட்டினேன், வராது என்றது. பாயில் மடிந்து கிடந்த கால்கள் இல்லாத பெடலைத் தேடி நடுங்கின. ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பது போல ஆர்மோனியமும் நானும் போய், கடைசியில் நான் நின்றுவிட்டேன்.

பொடியன்கள் விசிலடித்தார்கள். மனைவியின் பெரியம்மா ஒருவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "மா நிறுக்கிற கை வேற எப்படி வாசிக்கும்?" மகள் வீரிட்டாள். அவளோடு சேர்ந்து பந்தலில் இருந்த மற்றப் பிள்ளைகளும் தொடங்கிவிட்டன.

மனைவி எழும்பி வந்தாள். குழலைப் பறிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து நீட்டியும் விட்டேன். அவள் குழலைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள்.

"காலை நீட்டுங்க."

"என்ன?"

"நீட்டுங்க எண்டு சொல்லுறன்."

கலியாணத்துக்கு வருகிற பிள்ளைகளுக்காக அந்த மாங்கொப்பில் ஒரு ஏணை கட்டியிருந்தார்கள். அதில் மகளைக் கிடத்தினாள். அதில் கட்டியிருந்த கயிற்றை எடுத்து என் வலதுகால் பெருவிரலில், நானூறு பேருக்கு முன்னால், முடிந்தாள். பிறகு அண்ணனிடம் திரும்பினாள்.

"அண்ணன், முன்னால ஓடாதீங்க. அவருக்குப் பின்னால வாங்க."

"உனக்குப் புள்ள உறங்கணுமா, கச்சேரி நடக்கணுமா?"

"ரெண்டும்."

காலை ஆட்டினேன். ஏணை அசைந்தது. அந்த அசைவோடு மூச்சு வந்தது, மூச்சோடு விரல் வந்தது. கண்ணை மூடினேன், சைக்கிளில் இருந்தேன். வள்ளம் போகிற வேகத்தில் பாட்டு இறங்கியது. மச்சான் இரண்டு கட்டை தேடிப் பார்த்து, கீழே இறங்கி, என் சுருதியைப் பிடித்துக்கொண்டார். தையற்காரர் அல்லவா, அளவு தெரிந்துவிட்டது. தபேலா விரல் நுனியால் தட்டத் தொடங்கியது. இறால் பிடிக்கிறவர் பாடினார். உச்சி வரி வந்தது. சனம் உடைவதற்குக் காத்திருந்தது. இறங்கிய சுருதியில் குரல் ஏறி, உச்சியில் நின்று, உடையவே இல்லை. அவருக்கே நம்பிக்கை இல்லாமல் அந்த வரியை இரண்டாம் தரமும் பாடினார். மூன்றாம் தரமும் பாடினார். தடுக்க யாருக்கு மனம் வரும்?

மகள் உறங்கிவிட்டாள். கண்ணைத் திறந்து பார்த்தால், மடிகளில் கிடந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்கின்றன. ஒரு பெண் ஓசைப்படாமல் வந்து தன் பிள்ளையையும் என் ஏணையில் கிடத்திவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடினாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து சுடுசோறு கண்டிராத தாய்மார் எல்லாம் அன்றைக்குப் பந்தியில் ஆறுதலாக இருந்து இரண்டாம் தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்கள். துள்ளி ஆட வந்த பொடியன்கள் மெல்ல வேகத்தைக் கூட்டச் சொல்லி ஒரு குரல் கொடுத்துப் பார்த்தார்கள். "ஆரடா அவன்? புள்ளைகள் உறங்குறது தெரியல்லையா?" என்று அந்தப் பெரியம்மாவே சீறி விழுந்தார். மூன்று நாள் நித்திரை முழித்த மாப்பிள்ளை கதிரையிலேயே கண்ணயர்ந்தார். கலியாணப் படம் எல்லாவற்றிலும் அவருக்குக் கண் மூடித்தான் இருக்கிறது. பெண்வீட்டார் அதை வெட்கம் என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

பாட்டு முடிய மச்சான் என் காதுக்குள் கேட்டார். "மற்ற நாலு பாட்டையும் இப்படித்தான் பழகினயா?"

"ஓம்."

"அப்ப என்ன பார்த்துக்கொண்டிருக்கா? ஊது."

ஐந்தும் முடிந்த பிறகு கைதட்டல் இல்லை. பிள்ளைகள் எழும்பிவிடும் என்று சனம் கையை மட்டும் உயர்த்தி ஆட்டியது. அந்தச் சத்தமில்லாத கைகளை நான் இன்னும் மறக்கவில்லை. அடுத்த கலியாணத்துக்கு என்னைக் கூப்பிட்டபோது மச்சான் தெளிவாகச் சொல்லியனுப்பினார்: குழலை மறந்தாலும் பிள்ளையை மறக்காதே.

திரும்பி வரும்போது, பாதைக்குக் காத்து நின்ற இடத்தில், பெரியம்மாவுக்குத் தெரிந்த ஒருத்தி மனைவியிடம் கேட்டாள். "உங்கட அவர் என்ன வேலை?"

"குழல் வாசிக்கிறவர்" என்றாள் மனைவி. கொஞ்சம் பொறுத்து, "சங்கக்கடையிலயும் ஒள்ளுப்பம் வேலை இருக்கு" என்றாள், ஏதோ கொஞ்ச நேர வேலை என்கிற மாதிரி.

சென்றியில் அவளுடைய பையைச் சோதித்தார்கள். பிள்ளைத் துணிகளுக்கு நடுவில் ஒரு முழ நீள இரும்புக் குழாய் இருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. அவள் பதறாமல் அதை வாயில் வைத்து, கன்னத்தை உப்பி, அடுப்பு ஊதுகிற மாதிரி செய்து காட்டினாள். ஆமிக்காரன் சிரித்துவிட்டு, "அம்மா, கெதர" என்று என்னவோ சொன்னான். அவன் வீட்டிலும் தாய் இப்படித்தான் ஊதுவாள் போலும். விட்டுவிட்டான்.

அந்தக் குழாயை எதற்குத் தமையனிடம் கேட்டு வாங்கினாள் என்பது அடுத்தநாள் காலையில் தெரிந்தது. அடுப்படியில் புதுக் குழாயால் நெருப்பு ஊதிக்கொண்டிருந்தாள். கரி பிடித்த என் பழைய குழல் புளி போட்டுக் கழுவித் துடைத்து, சைக்கிள் ஆசனத்தில் இருந்தது.

"இந்தாங்க, உங்கட சாமான்" என்றாள். "இதுதான் சரியான சுருதியாம், அண்ணன் சொன்னார். இனி அந்தப் பாட்டை அதுட வேகத்துக்கும் பழகுங்க. ஆனா புள்ள ஒழும்பி இருக்கக்குள்ள மட்டும்."

எடுத்து ஊதினேன். முதலில் சாம்பல் வந்தது. பிறகு சுருதி வந்தது.