ஒரு நாளைக்குப் பத்து 'பாக்குறேன்'

ஐம்பதுகளின் பின்பாதியில் போடிநாயக்கனூர்ப் பக்கம் கிராம சேவிகாவாக வேலை பார்த்தேன். மலையடிவாரத்து ஊர்களுக்குப் போய்ப் புகையில்லா அடுப்பு போடக் கற்றுக்கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைத்து ஊற்றுவது, மாதர் சங்கம் கூட்டுவது. காகிதத்தில் அவ்வளவுதான். ஊருக்குள் கால் வைத்ததும் மற்ற வேலைகள் தாமாகவே வந்து சேரும். ஒருத்தியின் புருஷன் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் மூன்று மாதமாகத் தகவல் இல்லை. ஒருத்திக்கு மாமியார் சோறு போடுவதில்லை. ஒரு தெருவுக்கே கிணறு வேண்டும். கையில் குடையும் பையும் இருந்ததால் எல்லோருக்கும் நான் டீச்சரம்மா. டீச்சரம்மாவுக்குச் சர்க்காரில் எல்லோரையும் தெரியும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. எனக்குத் தெரிந்தது என் மேலதிகாரி ஒருவரைத்தான். அவருக்கே என் பெயர் சரியாக வாயில் வராது.

பயிற்சி முகாமில் ஒருவர் எங்களுக்கு இரண்டு புத்திமதி சொன்னார். மக்களின் துன்பத்தை உங்கள் துன்பமாக எண்ணுங்கள் என்றார் காலையில். மனதை எதிலும் ஒட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் சாயங்காலம். நடுவில் சாப்பாடு போட்டார்கள். இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்வது என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை.

வேலையில் சேர்ந்து ஒரு வருஷத்துக்குள் ஒற்றைத் தலைவலி பிடித்துக்கொண்டது. சோறு இறங்காது. வீட்டுக்கு வந்ததும் சாம்பலை அள்ளிப் பாத்திரங்களைத் தேய்ப்பேன், தேய்த்தவற்றையே மறுபடியும் தேய்ப்பேன். என் கணவர் ஏலக்காய் மண்டியில் குமாஸ்தா. "இன்னைக்கு யார் மேல உள்ள கோவம் அந்தக் குண்டான் மேல?" என்று சிரிப்பார். எனக்கு எரிச்சல் இன்னும் ஏறும். பஸ்ஸை விட்டு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்து பார்த்தேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துப் பார்த்தேன். கால்வலி போயிற்று, தலைவலி போகவில்லை.

வேலை அதிகம், அதனால்தான் என்று நினைத்திருந்தேன். அது இல்லை என்று ஒரு குழந்தையின் காதுதான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

குரங்கணிக்கு மேலே சரிவில் ஏழெட்டு வீடுகள் இருந்தன. அங்கே ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள். நான் கிளம்புகிற நேரத்தில் அவள் வழிமறித்தாள்.

"மூணு நாளாக் காது வலின்னு அழுகுறா. ஆஸ்பத்திரி டாக்டரம்மாவ ஒரு நா இங்கிட்டுக் கூட்டிட்டு வாங்க டீச்சரம்மா."

தூறல் விழத் தொடங்கியிருந்தது. காலில் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் ஐந்து வீட்டுக் கதை கேட்டு நெற்றிப்பொட்டு தெறித்தது. டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் காத்து நிற்கும் வரிசையை விட்டுவிட்டு மலையேற மாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், "பாக்குறேன் ஆத்தா" என்றேன். அன்றைக்கு அது எத்தனையாவது 'பாக்குறேன்' என்று எனக்கே தெரியாது. சொன்னதும் அவள் முகம் தெளிந்தது, வழியும் விட்டாள். எனக்கும் வேண்டியிருந்தது அதுதான்.

எட்டு நாள் கழித்துப் போனேன். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"வந்துட்டீகளா! டாக்டரம்மா பின்னால வர்றாகளா?" என்று என் முதுகுக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தாள்.

உள்ளே குழந்தை சாக்கில் சுருண்டு கிடந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. காதிலிருந்து சீழ் வடிந்து தலைமாட்டுத் துணி நனைந்திருந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "இப்படியா வச்சிருப்ப? நீயே தூக்கிட்டுக் கீழ எறங்கியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

அவள் விழித்தாள். "நீங்கதான பாக்குறேன்னு சொன்னீக. நான் பிள்ளையத் தூக்கிட்டு எறங்கிப் போயி, அந்நேரம் பாத்து நீங்க டாக்டரம்மாவ மலையேத்திக் கூட்டியாந்து, வீடு பூட்டிக் கெடந்தா? உங்க மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது? வேலைக்குக்கூடப் போகாமத்தான் காத்துக் கெடந்தேன்."

எனக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது என்று எட்டு நாளாக வாசலை விட்டு நகராமல் இருந்திருக்கிறாள்.

மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கீழே ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பில் மூட்டைகளின் மேல் எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். டாக்டரம்மா ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கிவிடும், பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றார். என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தக் காது இனிக் கேட்காது, நாலைந்து நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அதை அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள் என்று என்னிடமே விட்டுவிட்டார். நான் அன்று சொல்லவில்லை.

வீட்டில் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கவில்லை. உட்கார்ந்து அழுதேன். நடந்ததைக் கேட்ட கணவர் சிரிக்கவில்லை. "எங்க மண்டியில 'பாக்கலாம்'னு சொன்னா, சரக்கு வேணாம்னு அர்த்தம். வந்தவன் மூட்டையத் தூக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிருவான்" என்றார்.

என்னிடம் வந்தவர்கள் யாரும் மூட்டையைத் தூக்கவில்லை. என் வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தினமும் பத்துப் பேர். என் தலைவலி அதுதான். இரக்கத்தால் அந்தச் சொல்லைச் சொன்னேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். எதிரே நிற்கும் முகம் வாடுவதைப் பார்க்கும் தைரியம் இல்லாததால்தான் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

பின்னால் எத்தனையோ 'முடியாது' சொன்னேன். "என்னால முடியாது, நீயே நாளைக்குப் பஸ்ஸுக்குப் போ" என்று சொன்ன நாட்களில் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. முறைத்தவர்கள் உண்டு, ஏசியவர்களும் உண்டு. ஆனால் அந்த முதல் 'முடியாது' அவ்வளவு லேசில் வாயில் வரவில்லை.

குழந்தை தேறிய பிறகு அந்தச் சரிவுக்குப் போனேன். அவள் மகளை மடியில் வைத்து, காதோரம் குனிந்து என்னவோ கதை பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "மதுரைப் பெரியாஸ்பத்திரியில இந்தக் காதச் சரிபண்ணிருவாகளாம்ல? நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்றீகளா?" என்றாள்.

நாக்கு நுனி வரைக்கும் அந்தப் பழைய சொல் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"கேக்க வேண்டியதில்ல ஆத்தா. அது இனிக் கேக்காது. டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டாக, நான்தான் ஒங்கிட்ட சொல்லல. நீ டாக்டரம்மாவக் கூட்டியாரச் சொன்னப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும். அதையும் சொல்லல. தப்பு என்னோடது."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் வெகுநேரம் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தெனமும் இந்தக் காதுலதான் பேசிக்கிட்டிருந்தேன் டீச்சரம்மா," என்றாள். "பேசிக்கிட்டே இருந்தா தொறந்துக்கிரும்னு."

பிறகு மகளைத் தூக்கி மறுதொடையில் உட்காரவைத்து, அந்தப் பக்கத்து நல்ல காதில், "பசிக்குதா ஆத்தா?" என்று கேட்டாள். குழந்தை உடனே தலையாட்டியது.