ஜோஸிடம் விடைபெறுவது எப்படி

ஃபிலோமினா அம்மாவின் ஆபரேஷனை இனித் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். ஏற்கெனவே தேதி வாங்கிவிட்டுப் போகாமல் இருந்திருக்கிறார். காரணம் ஒன்றுதான்: மகன் ஜோஸை விட்டுவிட்டுப் போக இடமில்லை.

ஜோஸுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர். பொழியூரிலிருந்து பாறசாலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பகல் மையத்துக்கு தினமும் வேனில் வருவார். தட்டு கழுவுவார், பேப்பர் கவர் ஒட்டுவார். நான் அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் ஜோஸ் மையத்திலேயே தங்கட்டும் என்று முடிவு செய்தோம். எங்கள் தொழிலில் இதற்கு ரெஸ்பிட் என்று பெயர்.

முதலில் ஒரு நாள் ட்ரையல் வைத்தோம். "வாறேன் மக்கா" என்று சொல்லி அம்மா கிளம்பினார். ஜோஸ் நேராகப் போய் கேட்டில் நின்றார். சோறு வேண்டாம் என்றார். மழை பெய்தது, நகரவில்லை. எதிரே ஒரு பஸ் நின்றதும் கேட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். மேனேஜர் சுகதன் சார் பின்னால் ஓடிப் பிடித்தார்.

"எலே, எனக்கு பிரஷர் உண்டுலே" என்று ஜோஸிடம் மூச்சு வாங்கினார். பிறகு என்னிடம், "டீச்சரே, ரோடு இந்தா கெடக்கு. ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா? இன்னொரு மட்டம் பாப்போம். சரிப்படலேன்னா நம்மளால எடுக்க முடியாது."

அம்மாவைப் பிரிந்த பதற்றம் என்று முடித்துவிடுவது எளிது. நான் முடிக்கவில்லை. ஜோஸ் எப்போது கேட்டுக்குப் போகிறார், எப்போது போவதில்லை என்று பார்க்கத் தொடங்கினேன். வேன் டிரைவர் கிளம்பினால் போகிறார். சமைக்கும் செல்வி அக்கா கிளம்பினால் போகிறார். மலப்புறத்திலிருந்து வந்து கைத்தொழில் சொல்லித்தரும் ஷஹானா கிளம்பினால் மட்டும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் ஷஹானா என்றால் அவருக்கு உயிர்.

ஒரு மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினார்கள்.

"எந்நா சரி, நாளெ காணாம்" என்றார் ஷஹானா, நாளைக்குப் பார்ப்போம் என்று மலையாளத்தில்.

"வாறேன் ஜோஸே" என்றார் செல்வி அக்கா.

ஜோஸ் எழுந்தார். எங்கே என்று கேட்டேன்.

"அக்கா வாறேன்னு சொன்னாவ. கேட்டு தொறக்காண்டாமா?"

அவ்வளவுதான். புறப்படும்போது நாம் எல்லோரும் வருகிறேன் என்கிறோம். ஜோஸ் அதை நம்புகிறார். வருகிறேன் என்றவர்களை வரவேற்கத்தான் அந்த மழையில் நின்றிருக்கிறார்.

இதை ஃபிலோமினா அம்மாவிடம் சொல்லி, "இந்தத் தடவை போறேன்னு சொல்லிடுங்கம்மா" என்றேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆபரேஷனுக்குப் போறவ வாயால போறேன்னு சொல்லுவாளா? டீச்சர் படிச்ச புள்ளதானே!"

"அப்ப டாட்டா காட்டுங்க."

"டாட்டாவா? அத ரோட்டுல போற பஸ்ஸுக்காக்கும் அவன் காட்டுவான். சொல்லாம நைசா போயிரட்டா?"

அது மட்டும் கூடாது என்றேன். ஒரு தடவை சொல்லாமல் நழுவினால், அடுத்த தடவை முந்தானையை விடமாட்டார்கள். இது நாங்கள் படித்த பாடம். அதற்கு மேல் என்னிடமும் வழி இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் காலையில் சுகதன் சார் கேட்டின் மேல் சாய்ந்து நின்றுகொண்டார். ஆட்டோ காத்திருந்தது. அம்மா மகனின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு சட்டென்று மலையாளத்துக்கு மாறி, "ஜோஸே, அம்ம போட்டே?" என்றார்.

போகட்டுமா என்று அர்த்தம். எங்கள் பக்கத்து மலையாளத்தில் இதில் அபசகுனம் எதுவும் இல்லை. 'போறேன்' தகவல், 'போட்டே' கேள்வி. அந்த வித்தியாசத்தை நான் யோசித்திருக்கவில்லை.

ஜோஸ் யோசித்தார். அவரைக் கேட்டுவிட்டு யாரும் எங்கும் போனதில்லை.

"போ. ஊசி குத்துனா அழக்கூடாது, கேட்டியா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்றோம். அவர் திரும்பி வரவில்லை. ஆட்டோவில் ஏறிய அம்மா தலையை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"கேட்டுக்கு வரலியே டீச்சரே?"

"வரலைம்மா."

"ஒரு தடவயாவது திரும்பிப் பாத்தானா? கள்ளப்பய!" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சுகதன் சார் கேட்டை விட்டு நகர்ந்து ஆட்டோவுக்கு வழி விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜோஸ் சாப்பிட்டார், தூங்கினார், மற்றவர்களின் தட்டையும் சேர்த்துக் கழுவினார். அம்மா கூட்டிப்போக வந்த அன்று, "அழுதியா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: யார் எப்படிப் புறப்படுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அழுகையும் அடமும் பல சமயம் நாம் சொல்லிவிட்டு மறந்த ஒரு சொல்லுக்கான பதில்.

இன்னொன்று. இப்போது எங்கள் மையத்தில் எல்லோரும் 'போட்டே?' என்று கேட்டுத்தான் கிளம்புகிறோம். கேட்டுவிட்டு ஓடக்கூடாது. பதிலுக்கு நிற்க வேண்டும். அந்தப் பதில் எப்போதும் நமக்குச் சாதகமாக இருக்காது. போன வாரம் பனச்சமூடு பஸ் வரும் நேரத்தில் சுகதன் சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"ஜோஸே, போட்டே?"

"போவாண்டாம்."

பஸ் வந்தது, போனது. சார் பையைக் கழற்றி வைத்துவிட்டு, ஜோஸுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கவர் ஒட்டினார். பிறகு மறுபடியும் கேட்டார்.