சோகைக் கூரையின் கீழ் அப்பா படித்த வாசகம்

தவளக்குப்பத்தில் கரும்புச்சாறு வண்டியோரம் நனைந்து கிடந்த கரும்பிலைச் சோகையின் வாசனை, ஏம்பலத்தில் இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட கழனிகளுக்கு நடுவே, சோகை வேய்ந்து நின்ற எங்கள் சின்னக் கோயிலுக்குள் என்னை இழுத்துக்கொண்டது. சாமியார் வராத ஞாயிறுகளில் வீட்டுக்கு ஒருவராக முறைவைத்து பைபிள் படிப்பார்கள். கூரைத்தூசு பக்கங்களின் மேல் உதிர்ந்துகொண்டேயிருக்கும், வெளியே வாய்க்கால் சளசளத்துக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீருக்காகத்தான் அப்பாவும் சித்தப்பாவும் அறுவடையிலிருந்து பேசிக்கொள்ளவில்லை. அப்பாவின் முறையன்று வந்ததோ, காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு சமாதானமாகும்படி சொல்லும் வாசகம். பாதியில் பக்கத்தின் மேலிருந்த தூசை ஊதினார், மறுபடியும் ஊதினார்.

பின்னாலிருந்து சித்தப்பா சொன்னார்: "மெதுவாவே படிண்ணே. இன்னிக்கு இன்னா வாசகம்னு காலையிலயே கோயில் காலண்டர்ல பாத்துட்டேன். தண்ணிய உன் கழனிக்குத் திருப்பிட்டுத்தான் வந்தேன்."